முகாமுக்குள் போகும் முன்: பெங்களூரு எஃப்சி பற்றி வாசகர் கேள்விகள்

2024-25 கால்பந்து சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் நெருங்கும் இந்த ஜூலை மாதத்தில், நம் ஊர் அணியைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

அல்சூர் வாசகர்: கடந்த சீசனில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரின் பன்னிரண்டு அணிகளில் பத்தாவதாக வந்தோம். இப்போது ஆள் மேல் ஆளாக எடுத்திருக்கிறார்கள். பெயர்களைக் கேட்டால் தெம்பாகத்தான் இருக்கிறது. இந்த முறையாவது தேறுவோமா, ஐயா?

தேறுவோம் என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கே தோற்றோம் என்பதைச் சரியாகப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கைக்குப் பொருள் உண்டு. கடந்த சீசனில் 22 ஆட்டங்களில் 5 வெற்றி, 7 சமன், 10 தோல்வி என 22 புள்ளிகளோடு முடித்தோம். 34 கோல் வாங்கியதைப் பார்த்துவிட்டுப் பலரும் பின்வரிசையைத் திட்டித் தீர்த்தார்கள். அதே சீசனில் சென்னையின் எஃப்சி நம்மைவிட இரண்டு கோல் கூடுதலாக, 36 கோல் வாங்கியது. இருந்தும் ஆறாவது இடம் பிடித்து, கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. அவர்கள் அடித்தது 26, நாம் அடித்தது 20. லீக்கில் நம்மைவிடக் குறைவாக அடித்த ஒரே அணி, பணநெருக்கடியில் பாதி அணியை இழந்து தத்தளித்த ஹைதராபாத் மட்டுமே. ஆகவே நோய் கோல் அடிப்பதில் இருந்தது. அதற்கும் முன்னால், கோல் அடிக்கும் இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்தது.

நிர்வாகமும் அப்படித்தான் கணித்திருக்கிறது என்பது ஆள் எடுத்த விதத்திலேயே தெரிகிறது. பந்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் கோல் அடிக்கும் வேலையையும் சேர்த்துச் சுமந்த ஹாவி ஹெர்னாண்டஸ் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். நடுக்களத்து ரோஹித் குமார் ஒடிசாவுக்குப் போனார். டாம்யானோவிச், வீண்டார்ப் ஆகியோரும் விடைபெற்றார்கள். மும்பை சிட்டியிலிருந்து ஆல்பர்டோ நொகுவேரா, ஹோர்ஹே பெரெய்ரா டியாஸ், ராகுல் பேக்கே ஆகிய மூவர் வந்திருக்கிறார்கள். மூவரும் மே மாதம் மோகன் பகானை 3-1 என வென்று ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய அணியின் ஆட்டக்காரர்கள். பேக்கே அந்த அணியின் கேப்டன். ஒன்றாக ஆடிப் பழகிய மூவரை ஒரே வீட்டிலிருந்து அழைத்து வந்தது இந்தக் கோடையின் புத்திசாலித்தனமான காரியம். முன்களத்தில் யார் எங்கே ஓடுவார், பந்து எப்போது வரும் என்ற புரிதல் முகாமின் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடாது. அதை நாம் பாதி ஆயத்தமாகவே வாங்கியிருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சியாளர் ஜெரார்டு சரகோசா கடந்த டிசம்பரில், சைமன் கிரேசன் நீக்கப்பட்ட பிறகு, சீசனின் நடுவே வந்து பொறுப்பேற்றவர். வேறொருவர் பொறுக்கிய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் சமாளித்தார். தொடக்கத்திலிருந்து தானே நடத்தும் முகாம் அவருக்கு இதுதான் முதல் தடவை. அவரை எடைபோடுவதானால் இந்த சீசனை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஃபிரேசர் டவுன் வாசகி: ஆறு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தாலும் களத்தில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் முன்வரிசைக்கு மட்டும் மூன்று பேரை வைத்திருப்பது பணத்தை விரயம் செய்வது ஆகாதா?

உங்கள் மகன் சொல்வது சரி. வந்த கடிதங்களிலேயே மிக நல்ல கேள்வியும் இதுதான், அம்மா.

ஆறு பேர் யார் யார் என்று பார்ப்போம். பின்வரிசையில் ஆஸ்திரேலியரான அலெக்சாண்டர் யோவானோவிச். தடுப்புக்கு முன்னால் நின்று எதிரியின் தாக்குதலை உடைக்கும் வேலைக்கு ஸ்பெயின்காரர் பெட்ரோ காப்போ. அவருக்கு முன்னால் நொகுவேரா. முன்களத்தில் அர்ஜென்டினாவின் டியாஸ், ஸ்பெயினின் எட்கர் மெண்டஸ், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ரயான் வில்லியம்ஸ். யோவானோவிச், காப்போ, நொகுவேரா ஆகிய மூவரையும் இறக்கினால் மிச்சம் ஒரே ஓர் இடம்தான். அதற்கு மூன்று பேர் போட்டி. விரயம் என்று நீங்கள் நினைப்பது இந்தக் கணக்கில் நியாயமே.

ஆனால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடும் சாவி முன்வரிசையில் இல்லை; பின்வரிசையில், இந்திய ஆட்டக்காரரான ராகுல் பேக்கேயிடம் இருக்கிறது. பேக்கேயும், ஹைதராபாத் அணியோடு 2021-22இல் கோப்பை வென்ற சிங்லென்சனா சிங்கும் நடுப்பின்வரிசையில் ஜோடியாக நிலைத்துவிட்டால், யோவானோவிச் வெளியே உட்கார்ந்து ஓர் இடம் முன்னால் நகரும். சுரேஷ் சிங் வாங்ஜாம் தடுப்பு நடுக்களத்தைத் தனியாகச் சமாளிப்பார் என்று முகாமில் நிரூபித்தால் இன்னோர் இடமும் நகரும். அப்போது நொகுவேராவுக்கு முன்னால் டியாஸ், மெண்டஸ், வில்லியம்ஸ் மூவருமே ஓடலாம். எதிரணியைப் பொறுத்து இந்தப் பலகையை மாற்றி மாற்றி வைக்கலாம் என்பதே இந்த அணியின் பலம். ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்னும் விதியும் இதற்குக் கைகொடுக்கும்.

பேக்கேயை நம்பி இவ்வளவு கணக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு 2019 மார்ச் 17 அன்று மும்பையில் நடந்த ஐஎஸ்எல் இறுதியாட்டத்தை நினைவூட்டுகிறேன். எதிரே கோவா. கோல் எதுவும் விழாமல் கூடுதல் நேரமும் தீரப்போகிறது; பெனால்டிக்கு எல்லோரும் மனதளவில் தயாராகிவிட்ட 117ஆவது நிமிடம். டிமாஸ் டெல்காடோ கார்னரிலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிறார். கூட்டத்துக்குள் முண்டாமல் ஒரு கணம் பின்தங்கி நின்ற பேக்கே, பந்து வளையும் திசையைப் பார்த்த பிறகு எழும்பித் தலையால் முட்டுகிறார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போகிறது. நம் அணியின் ஒரே ஐஎஸ்எல் கோப்பை அப்படித்தான் வந்தது. அந்தப் பொறுமைதான் பின்வரிசைக்கு வேண்டிய குணம். அவருக்கு இப்போது வயது 33 என்பது மட்டுமே என் கவலை.

உண்மையில் என் கவலை அவரோடு நிற்கவில்லை. வில்லியம்ஸைத் தவிர்த்தால் மற்ற ஐந்து வெளிநாட்டவரும் முப்பத்து மூன்றையோ முப்பத்து நான்கையோ தொட்டவர்கள். கேப்டன் சுனில் சேத்ரிக்கு நாற்பது ஆகப்போகிறது. அனுபவத்தை நிறையவே வாங்கியாயிற்று. ஆனால் தொண்ணூறு நிமிடமும் பந்தைத் துரத்த கால்கள் வேண்டாமா? அந்தக் கால்கள் சுரேஷ், நௌரெம் ரோஷன் சிங், ஃபனாய், சிவசக்தி போன்ற இளைஞர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களில் யார் முன்னுக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தே இந்த சீசன் அமையும். பெரிய பெயர்களை வரவேற்று விமான நிலையத்தில் மாலை போடுகிற ஆர்வத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

ஜீவன்பீமா நகர் வாசகர்: பயிற்சி முகாம் என்கிறார்களே, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இனி என்ன கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்?

கற்றுக்கொடுப்பது கொஞ்சம்தான், உடம்பைத் தேற்றுவதே பெரும்பகுதி. முதல் சில நாட்கள் மருத்துவப் பரிசோதனையிலும் உடல்தகுதிச் சோதனையிலும் போய்விடும். இருபது மீட்டர் தூரத்தை ஒலிக்குறிப்புக்கு ஏற்ப ஓடித் திரும்பும் யோ-யோ சோதனையைப் பற்றிக் கிரிக்கெட் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதைப் போன்றவையே இங்கும். சட்டைக்குள் போடும் சிறிய கருவியொன்று ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்று பதிவுசெய்யும். விடுமுறையில் யார் பிரியாணியைக் குறைத்தார், யார் குறைக்கவில்லை என்பது இரண்டாம் நாளே பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு காலையும் மாலையும் இரண்டு வேளைப் பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம், சிறு கட்டத்துக்குள் ஐந்தாறு பேர் பந்தைச் சுற்றவிட இரண்டு பேர் துரத்திப் பறிக்கும் பயிற்சி என்று போகும். பந்தை இழந்த மறு நொடியே யார் யார் எதிரியை நெருக்க வேண்டும், கார்னரில் யார் எந்தக் கம்பத்தைக் காக்க வேண்டும் என்ற ஒழுங்குகள் அடுத்து வரும். கடைசியில் நட்பு ஆட்டங்கள். நம் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் ஜூலைத் தூறலில் ஓடுவது சுகமாக இருக்கும். அதுவே சிக்கலும் கூட. லீக்குக்கு முன் நடக்கும் டுராண்டு கோப்பைக்காகக் கொல்கத்தா போய் இறங்கியதும் அந்தப் புழுக்கத்தில் அரைமணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம். அந்த வித்தியாசத்தை எதிர்பார்த்து உடம்பைத் தயார்செய்வதும் முகாமின் வேலையே.

விவேக் நகர் வாசகர்: சுனில் சேத்ரிக்கு நாற்பது வயது. இந்திய அணியிலிருந்து ஓய்வுபெற்றவர் இங்கேயும் இளைஞர்களுக்கு வழிவிடலாமே? (இதே கருத்தில் மேலும் சில கடிதங்கள் வந்துள்ளன.)

வரும் ஆகஸ்டு 3 அன்று நாற்பது ஆகிறது. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தபோது, 151 சர்வதேச ஆட்டங்கள், 94 கோல்கள் என்ற கணக்கோடு நாட்டு அணியின் சட்டையைக் கழற்றினார். அந்த ஓய்வு நம் கிளப்புக்கு இழப்பு அல்ல, இலாபம். இதுவரை லீக்குக்கு இடையில் வரும் ஒவ்வொரு சர்வதேச இடைவெளியிலும் அவர் பறந்துகொண்டே இருந்தார்; இனி அந்த நாட்களில் காலை நீட்டி ஓய்வெடுப்பார்.

வழிவிட வேண்டும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எல்லா ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிடம் அவரை இறக்குவது அவருக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல. ஆனால் கோல் முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் அவர் செய்யும் ஒரு காரியத்தை இந்த நாட்டில் இன்னும் யாரும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. பந்து மைதானத்தின் ஓரத்தில் இருக்கும்போது அவரைக் காக்கும் தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் நிற்பார். பந்து உதைபடும் முன் இரண்டு தப்படி பின்னோக்கிப் போவார். தடுப்பாட்டக்காரரும் கூடவே நகர்வார். அந்த நொடியில் சட்டென்று அருகிலுள்ள கம்பத்தை நோக்கிப் பாய்வார். உயரம் 170 சென்டிமீட்டர்தான். அவரைவிட ஒரு சாண் உயர்ந்தவர்களை ஏமாற்றித் தலையால் அத்தனை கோல் அடித்தது எம்பும் பலத்தால் அல்ல, அந்த இரண்டு தப்படியால்.

ஆகவே என் யோசனை இதுதான்: சொந்த மைதானத்தில் அறுபது நிமிடம், வெளியூரில் கடைசி முப்பது நிமிடம். அவருடைய இடத்தைப் பிடிக்க வேண்டியவர் சிவசக்தி நாராயணன். சிவகங்கை மாவட்டத்துக்காரர். 2022 டுராண்டு இறுதியாட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோலை அடித்தவர். 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் ஆட்டக்காரருக்கான விருதையும் வென்றார். கடந்த சீசனில் அந்த வேகம் தொடரவில்லை. இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு ஒரு சீசன் சறுக்குவது பெரிய விஷயம் இல்லை. இரண்டாவது சீசனும் சறுக்கினால்தான் பெரிய விஷயம். டியாஸும் மெண்டஸும் வந்திருக்கும் நேரத்தில் அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது, தமிழர் என்ற முறையில் மட்டுமல்லாமல், நல்ல ஆட்டத்தை விரும்புபவன் என்ற முறையிலும் எனக்கு உறுத்துகிறது.

காக்ஸ் டவுன் வாசகர்: கோல்கீப்பர் குர்பிரீத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா?

இல்லை. கோல்கீப்பருக்கு 32 வயது முதுமை அல்ல. ஆனால் தன் இடம் பத்திரம் என்ற நினைப்பு யாருக்கும் நல்லதல்ல. ஒடிசாவிலிருந்து லால்துவம்மாவியா ரால்டே திரும்பி வந்திருப்பதை அதற்கான மருந்தாகவே பார்க்கிறேன்.

கௌதமபுரம் வாசகர்: எங்கள் தெருவில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது, நடக்கத் தொடங்கிய பிள்ளையும் பந்தை உதைக்கிறது. 'பெங்களூரு' என்று பெயர் வைத்த அணியில் எங்கள் பிள்ளைகள் ஏன் இல்லை? முகாமுக்குக்கூட யாரும் அழைப்பதில்லையே?

உங்கள் கோபம் நியாயமானது. அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன், கௌதமபுரம் என்று தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) முழுக்கத் தமிழ் பேசும் குடும்பங்கள்தான் இந்த ஊரின் கால்பந்தை வளர்த்தன. சுதந்திர இந்தியா கால்பந்தில் அடித்த முதல் ஒலிம்பிக் கோல், 1948 லண்டனில் பிரான்சுக்கு எதிராக, பெங்களூருவைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் அடித்தது. மைசூர் மாநிலமாக இருந்த காலத்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றோம், கடைசியாக 1968-69இல். அந்த அணிகளின் ஆட்டக்காரர்களுக்கு ஐடிஐ (தொலைபேசி), எச்ஏஎல் (விமானம்) போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வேலை கொடுத்தன. பகலில் பட்டறை, மாலையில் மைதானம். மாதச் சம்பளம் நிச்சயம். விளையாட்டுக்கென்று வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்தபோது, பந்தை நம்பி மகனை அனுப்பும் துணிச்சலும் குடும்பங்களில் குறைந்தது. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று கர்நாடகம் மீண்டும் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவர 54 ஆண்டுகள் ஆயின.

தொழில்முறை கிளப்புகளின் வழி வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளையைத் தேர்ந்து, விடுதியில் தங்கவைத்து வளர்க்கிறார்கள். நம் கிளப்பின் தங்கும் பயிற்சிப் பள்ளி பல்லாரி மாவட்டத்தின் விஜயநகரில் இருக்கிறது. பதினெட்டு வயதில் தெருவில் ஜொலிக்கும் பையன் அந்தக் கதவைத் தட்டும்போது, அவனுடைய இடத்தில் ஆறு ஆண்டு முறையாகச் சாப்பிட்டு முறையாக ஓடிய வேறொருவன் இருக்கிறான். திறமை குறைவு என்பதல்ல காரணம். பால், முட்டை, தூக்கம் எல்லாமே அந்த வயதில் ஒரு வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகின்றன.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிளப்பின் தொடக்க ஆண்டுகளில் நடுக்களத்தில் ஆடிய சங்கர் சம்பங்கிராஜ் நம் ஊர்ப் பிள்ளைதான். கிளப்பின் ரிசர்வ் அணி பெங்களூரு மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் சூப்பர் டிவிஷன் லீக்கில் ஆடுகிறது. அசோக் நகர் மைதானத்தில் அந்த அணிக்கு எதிராக உங்கள் பகுதிக் கிளப் ஆடும் நாளில், மைதானத்தின் ஓரத்தில் கிளப்பின் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை உள்ளூர்க் கிளப்பில் முறையாகப் பதிவுசெய்து அந்த லீக்குக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து பேர் கொண்ட பணப்பந்தயப் போட்டிகளில் கால் முறிவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கிளப்பும் ஒன்று செய்ய வேண்டும்: ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்வு முகாமை விஜயநகரில் நடத்தாமல் தண்டுப் பகுதியிலேயே நடத்த வேண்டும். பேருந்துச் செலவுக்கு யோசிக்கும் தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வைட்ஃபீல்டு வாசகி: கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள் நான். சென்னையின் எஃப்சியை ஆதரிப்பதா, பெங்களூருவையா?

2018 மார்ச்சில் கண்டீரவா மைதானத்தில், நம் வீட்டு முற்றத்திலேயே, சென்னை நம்மை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. கார்னரிலிருந்து இரண்டு கோலைத் தலையால் அடித்தார் மாய்ல்சன் ஆல்வெஸ். அந்த இரவை மறக்காதவர்களோடு அலுவலகத்தில் சேர்ந்து சாப்பிட வேண்டியிருந்தால் பதிலை யோசித்துச் சொல்லுங்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகர்: கடைசியாக, ஒரே வரியில் சொல்லுங்கள்: எந்த இடத்தில் முடிப்போம்? டுராண்டு கோப்பையைப் பார்த்தே தெரிந்துவிடுமா?

ஒரே வரி போதாது. முகமதன் ஸ்போர்ட்டிங் அடுத்த நிலையிலுள்ள ஐ-லீக்கை வென்று மேலே வருவதால் இந்த முறை பதின்மூன்று அணிகள். முதல் ஆறு இடங்களுக்கு பிளே-ஆஃப். அதில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகும். மோகன் பகானும் மும்பையும் கோவாவும் இன்னும் நம்மைவிடப் பலமானவை. மும்பையிடமிருந்து மூவரைப் பிடுங்கிக்கொண்டோம் என்றாலும், கடந்த சீசனில் 22 ஆட்டத்தில் 19 கோல் மட்டுமே வாங்கிய அணி அது. ஓர் இரவில் சரிந்துவிடாது. நான்கிலிருந்து ஆறுக்குள் நாம் முடிப்போம் என்பது என் கணிப்பு. பேக்கேயும் நொகுவேராவும் காயமில்லாமல் இருபது ஆட்டம் ஆடினால் மூன்றாவது இடம்கூட எட்டும் தூரம்தான்.

ஜூலை 27 அன்று தொடங்கும் டுராண்டு கோப்பையின் முடிவுகளை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். எதிரே வரும் அணிகள் சில சமயம் பாதி இளைஞர்களோடு வரும்; நம் கால்களிலும் முகாமின் அசதி தீர்ந்திருக்காது. ஸ்கோரைவிட மூன்று காரியங்களைக் கவனியுங்கள். நடுப்பின்வரிசையில் பேக்கேயின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பாருங்கள். சிங்லென்சனா என்றால், முன்னே சொன்ன கணக்கைப் பயிற்சியாளரும் போட்டிருக்கிறார் என்று பொருள். பந்தை இழந்ததும் நொகுவேராவுக்காக ஓடிப்போய்ப் பறிப்பது சுரேஷா காப்போவா என்று பாருங்கள். அறுபதாவது நிமிடத்தில் மாற்றுப் பலகை உயரும்போது உள்ளே வருவது சிவசக்தியா, இல்லை இன்னொரு முப்பத்து நான்கு வயதுக்காரரா என்பதையும் குறித்து வையுங்கள். செப்டம்பரில் லீக் தொடங்கியதும் மறுபடி எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.